அந்தக் காலம் யாருக்கு நல்ல காலம்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நம்ம வகுப்பில் பாதிப் பேர் 'பீங்கான் தொழிலின் எதிர்காலம்' என்று தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீதிப் பேர் கவிதை. நான் நாவலைப் பற்றி எழுதப்போகிறேன், அதுவும் நாவலில் வரும் ஃபிளாஷ்பேக்கைப் பற்றி என்றதும், பக்கத்து பெஞ்ச் தோழி, "எல்லாரும் எதிர்காலத்தப் பத்தி எழுதுறாங்க, நீ ஏன்டி பழசக் கெளர்ற?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் நான் எழுத நினைத்ததே அந்தக் கேள்வியைத்தான். நாவலில் வருகிறவர்கள் ஏன் திரும்பத் திரும்ப 'அந்தக் காலத்துக்கு'ப் போகிறார்கள்? நம்ம வீட்டுப் பெரியவர்கள் ஏன் போகிறார்கள்?

நான் இலக்கியம் படித்தவள் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எங்கேயாவது தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும்.

எங்க ஆயாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சரியான வயது ஆயாவுக்கே தெரியாது. சின்ன வயதிலிருந்து வயல் வேலை. அறுப்புக் காலத்தில் களம் கூட்டப் போகும். நெல்லை அடித்து, தூற்றி, மூட்டை பிடித்த பிறகு மண்ணோடு மண்ணாகச் சிதறிக் கிடப்பதைக் கூட்டி அள்ளி, முறத்தில் புடைத்து எடுத்துக்கொள்ளலாம். அது போகக் கூலி நெல் மரக்காலில் அளந்து போடுவார்கள். அப்புறம் அறுவடை மிஷின் வந்தது. களம் சும்மா கிடந்தது. ஆயா விருத்தாசலத்துக்கு வந்து, ஒரு பொம்மைக் கம்பெனியில் கொலு பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலையில் சேர்ந்தது. வருஷக் கணக்காகப் பொம்மைக்குக் கண் எழுதி எழுதி, கடைசியில் தன் கண்ணில் புரை விழுந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டது. அப்பா சூளையில் சரக்கு அடுக்குகிற வேலை. அம்மா அச்சில் மண்பால் ஊற்றுகிற வேலை. அதே மண்ணைப் பற்றி நான் டிப்ளமோ படிக்கிறேன்.

வேலைக்குப் போகாத ஆயா பேச ஆரம்பித்தது. காலையில் காபி குடிக்கும்போது களம். மத்தியானம் சோறு தின்னும்போது களம். "அப்பவெல்லாம் நெல்லு எப்புடி மணக்கும் தெரியுமா பாப்பா? ஒரு மரக்கா கேட்டா ரெண்டு மரக்கா போடுவாங்க. நாம போவுலன்னா களத்துல கூட்டு மாறப் புடிக்க ஆளு கெடையாது, ஆளு வுட்டுக் கூப்புடுவாங்க. இப்ப எவன் எவன மதிக்கிறான்?"

சரி, வயசானவர்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். போன வருஷம் ஆடித் திருவிழாவில் ஊர்ப் பெரியவர் ஒருவர் மைக் பிடித்தார். "அந்தக் காலத்துல நம்ம ஊர்ல யாராச்சும் பட்டினி கெடந்தாங்களா? எல்லாத் தெருவும் ஒரே குடும்பமா இருந்தோம்" என்று முழங்கினார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எங்க ஆயா, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் எனக்கு யூனிட் டெஸ்ட். ராத்திரி புத்தகத்தை விரித்து உட்கார்ந்தால் ஆயா மறுபடியும் களத்தை எடுத்தது. "அம்மாம் நல்ல காலம்னா ஒன்ன ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல? நீ ஏன் இன்னமும் கைநாட்டு?" என்று கேட்டுவிட்டேன்.

ஆயா ஒன்றும் சொல்லவில்லை. பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் பல நாள் களத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வீடு நிம்மதியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் நிம்மதி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கிளை நூலகத்தில் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' கிடைத்தது. எழுதியவர் நம்ம பக்கத்துக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது வாங்கியவர் என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். பேச்சு எங்க ஆயா பேசுவது மாதிரியே இருக்கிறதே என்றுதான் எடுத்து வந்தேன்.

அதற்குள் போவதற்கு முன்னால் ஃபிளாஷ்பேக் என்கிற சமாச்சாரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நமக்கெல்லாம் ஃபிளாஷ்பேக் என்றால் சினிமாதான். பழைய படமென்றால் திரை அலை அலையாக நெளியும், இல்லாவிட்டால் கொசுவர்த்திச் சுருள் மாதிரிச் சுற்றும். உடனே கதாநாயகன் மீசை இல்லாமல் சைக்கிளில் வருவான். 2004இல் வந்த 'ஆட்டோகிராப்', 2018இல் வந்த '96' எல்லாம் இந்த ஏக்கத்தை வைத்தே ஓடிய படங்கள். நானும் அழுதுகொண்டுதான் பார்த்தேன், மறைக்கவில்லை. ஆனால் நம்ம கடலூர் மாவட்டத்துக்காரரான தங்கர் பச்சான் 2002இல் எடுத்த 'அழகி'யை டிவியில் பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்தது. படித்து, பட்டணத்தில் நல்லபடியாக இருக்கும் சண்முகத்துக்குத்தான் பழைய பள்ளிக்கூட நாட்கள் வரிசையாக ஞாபகம் வருகின்றன. தெருவோரத்துக்கு வந்துவிட்ட தனலட்சுமிக்கு? அவளுக்கும் மனசுக்குள் எல்லாம் இருந்திருக்கும். உட்கார்ந்து நினைத்துப் பார்க்க நேரம் ஏது? ஃபிளாஷ்பேக் பார்ப்பதற்கும் கொஞ்சம் வசதி வேண்டும் போலிருக்கிறது!

நாவலில் சுருள் சுற்றாது. துணியைக் கல்லில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, நடந்து போகும்போதே, ஒரு வாசனையில், ஒரு பேச்சில் பழசு உள்ளே வந்துவிடும். ஏன் நாவலாசிரியர் அப்படி எழுதுகிறார்? முன்னால் நடந்ததை நமக்குத் தெரிவிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், பிறந்த நாளிலிருந்து வரிசையாக எழுதிவிட்டுப் போகலாமே. வரிசையாகச் சொன்னால் பழைய நாள் பழைய நாளாகவே இருக்கும். இன்றைக்கு ஒரு இடத்தில் வலிக்கும்போது திரும்பிப் பார்த்தால், அதே நாள் வேறு மாதிரித் தெரியும். ஒரு ஃபிளாஷ்பேக்கில் இரண்டு காலம் இருக்கிறது: நினைக்கப்படும் காலம் ஒன்று, நினைக்கிறவர் உட்கார்ந்திருக்கும் காலம் ஒன்று. முதல் காலத்தைப் பற்றி அது சொல்வதைவிட, இரண்டாவதைப் பற்றிச் சொல்வதுதான் அதிகம் என்பது என் கட்சி.

ஃபிளாஷ்பேக் வந்தாலே ஏக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) நாவலில் மங்கத்தாயாரு என்ற மிக வயதான பாட்டி, தங்கள் முன்னோர் தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி ஓடி வந்த கதையைச் சொல்கிறாள். அதில் ஏக்கத்தைவிடப் பயமும், பிழைத்து வந்தோம் என்ற பெருமையும்தான் எனக்குத் தெரிந்தன. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) வேறு விதம். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் இந்தோனேசியாவின் மெடான் நகரத்தில் இருக்கும் பாண்டியனுக்கு, மதுரைத் தெருக்களும் சின்னமங்கலத்துச் சந்தையும் கண்முன்னால் வந்துகொண்டே இருக்கின்றன. நம்ம ஊர்ப் பக்கம் சிங்கப்பூர், துபாய் என்று போனவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். இதில் ஒரு வேடிக்கை. சிங்காரம் தானே மெடானில் வேலை பார்த்தவர். போர் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் இருந்துகொண்டு அந்த நாவலை எழுதினார். மதுரையில் உட்கார்ந்து மெடானை நினைக்கிறார். அவர் நினைப்பில் வரும் மெடானில் ஒருவன் உட்கார்ந்து மதுரையை நினைக்கிறான். எங்கே இருக்கிறோமோ அது போதவில்லை!

ஊர் இருக்கிறவர்கள் பஸ் ஏறித் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகள் நம்மோடும் படிக்கிறார்கள். அவர்கள் தாத்தா ஊருக்கு இப்போது எந்த பஸ்ஸும் போகாது. அங்கே பள்ளம்தான் இருக்கிறது. அந்த மண்ணுக்கு அடியிலிருந்து வந்த வெள்ளைக் களிமண்ணைத்தான் நாம் லேபில் சலித்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தாத்தாவுக்கு நினைப்பு ஒன்றுதான் வழி.

இப்போது நான் ரொம்ப நேரம் யோசித்த இடத்துக்கு வருகிறேன். நம்ம மாவட்டத்து எழுத்தாளர்கள் இரண்டு பேர், இரண்டு வருஷ இடைவெளியில், இரண்டு நாவல் எழுதியிருக்கிறார்கள். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. 1996இல் தங்கர் பச்சானின் 'ஒன்பது ரூபாய் நோட்டு'. இது 2007இல் சத்யராஜ் நடித்துப் படமாகவும் வந்தது. இரண்டிலும் பழைய நாளுக்கான ஏக்கம்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது.

'ஒன்பது ரூபாய் நோட்டு' மாதவப் படையாட்சியின் கதை. நிலம், பலா, முந்திரி என்று செழிப்பாக வாழ்ந்த மனிதர். கை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுத்தவர். பெற்ற பிள்ளைகளால் மனம் உடைந்து, மனைவி வேலாயியோடு வெறுங்கையாக வீட்டை விட்டுப் போகிறார். காஜா பாய் என்ற நண்பர் கைகொடுக்கிறார். பல வருஷம் கழித்து ஒன்றுமில்லாத கிழவராக ஊரைப் பார்க்கத் திரும்பி வருகிறார். அவருடைய ஏக்கம் நியாயமானது. மண்ணை நேசித்தவனுக்கு மண் போய்விட்டால் என்ன மிச்சம்? ஒன்பது ரூபாய்க்கு நோட்டே கிடையாது. செல்லாத நோட்டு மாதிரி ஒரு மனிதர் ஆகிவிட்டார் என்று தலைப்பைப் புரிந்துகொண்டேன். படித்துவிட்டு எங்க அப்பாவை நினைத்து அழுதேன்.

'கோவேறு கழுதைகள்' ஆரோக்கியத்தின் கதை. அவள் வண்ணாத்தி. காலனி மக்களுக்குத் துணி வெளுக்கும் குடும்பம். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே ஒடுக்கப்பட்டவர்கள். புருஷன் சவுரி. பிள்ளைகள் ஜோசப், பீட்டர், மேரி. துணி வெளுப்பது மட்டும் இல்லை. பிரசவம், சாவு, களத்து வேலை என்று ஊரில் எது நடந்தாலும் ஆரோக்கியம் போய் நிற்க வேண்டும். பதிலுக்கு ராத்திரியில் வீடு வீடாக வாங்கும் சோறு, அறுப்பில் கிடைக்கும் நெல். முன்பெல்லாம் மனசு நிறையக் கொடுத்தார்கள், இப்போது முகம் சுளிக்கிறார்கள் என்பது அவளுடைய ஓயாத குறை. பெரிய மகன் கல்யாணம் ஆனதும் பொண்டாட்டியோடு வெளியூர் போய்விடுகிறான். ஊருக்குள் தையல் மிஷின் வருகிறது, இஸ்திரிக் கடை வருகிறது. ஆரோக்கியத்தைத் தேடுவார் இல்லை. அப்போதுதான் அவளுக்கு அந்தக் காலம் பொன்னாகத் தெரிகிறது.

இரண்டு பேருக்கும் ஏங்குவதற்கு ஒரே களம்தான் இருக்கிறது பாருங்கள். மாதவர் களத்தில் அளந்து கொடுத்தவர். ஆரோக்கியம் களத்து ஓரத்தில் வாங்கிக்கொண்டவள். கொடுத்த கைக்கும் ஏக்கம், வாங்கிய கைக்கும் ஏக்கம். ஆனால் இரண்டு ஏக்கமும் ஒன்றா?

மாதவர் இழந்தது தன்னுடையது. அவர் திரும்பிப் பார்க்கும்போது அங்கே ஒரு வீடு இருக்கிறது, நிலம் இருக்கிறது, 'அய்யா' என்று கூப்பிடும் ஜனம் இருக்கிறது. ஆரோக்கியம் திரும்பிப் பார்த்தால் என்ன இருக்கிறது? பிறத்தியார் வீட்டு அழுக்கு மூட்டை இருக்கிறது. அடுத்தவர் வாசலில் நின்று வாங்கிய சோறு இருக்கிறது. அவளுடையது என்று சொல்ல அந்தப் பழைய நாளில் ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் ஏங்குகிறாள்! இதுதான் முதலில் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. எங்க ஆயா மேல் வந்த அதே கோபம். 'ஏம்மா, அது உன்னை மிதித்த காலம், அதையா கேட்கிறாய்?' என்று புத்தகத்தைப் பார்த்துச் சண்டை போட்டேன்.

பாதிக்கு மேல் படித்தபோதுதான் நான் எங்கே தப்புச் செய்தேன் என்று தெரிந்தது. அவள் அந்த முறையை நினைத்து ஏங்கவில்லை. அந்த முறைக்குள் அவள் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது என்று இருந்ததே, அதை நினைத்து ஏங்குகிறாள். குழந்தை பிறந்தாலும் அவள் வேண்டும், பிணம் விழுந்தாலும் அவள் வேண்டும். புதுக் காலம் வந்தது. அடிமைத்தனத்தை எடுத்தது. சரி, நல்லது. கூடவே சோற்றையும் எடுத்தது, அவளுக்கு இருந்த ஒரே இடத்தையும் எடுத்தது. பதிலுக்கு எதையும் கையில் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு நிற்கிற மனுஷி முன்னால் பார்க்க ஒன்றும் இல்லாதபோது பின்னால்தான் பார்ப்பாள். ஆயா, "நாம போவுலன்னா ஆளு வுட்டுக் கூப்புடுவாங்க" என்று சொன்னதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அதில் 'நெல்லு' மட்டும்தான் என் காதில் விழுந்தது. 'கூப்புடுவாங்க' விழவில்லை.

இமையம் அந்த ஏக்கத்தை நம்மிடம் அப்படியே விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஆரோக்கியம் பொன்னாக நினைக்கும் அதே ஊர், அதே உறவு. அங்கேதான் அவள் மகள் மேரிக்கு அந்தக் கொடுமை நடக்கிறது. ஊரை நம்பிப் பிழைக்கிற குடும்பம் நியாயம் கேட்டு யாரிடம் போகும்? ஆரோக்கியத்தின் நினைப்பு ஒரு பக்கம் இழுக்கிறது, கதையில் நடப்பது இன்னொரு பக்கம் இழுக்கிறது. நடுவில் நாம் மாட்டிக்கொள்கிறோம். இந்த நாவல் வந்த நேரத்தில் பெரிய சர்ச்சை நடந்திருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களுக்குள் இருக்கும் மேல் கீழை இப்படி வெளியே எழுதலாமா என்று கேட்டிருக்கிறார்கள். எழுதாமல் விட்டிருந்தால் ஆரோக்கியத்துக்கு ஒரு ஃபிளாஷ்பேக்கூடக் கிடைத்திருக்காது என்பது என் பதில். 'ஒன்பது ரூபாய் நோட்டு' பற்றி எனக்கு ஒரே ஒரு மனக்குறையும் இதுதான். அது கொடுத்தவர் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட கதை. அவரிடம் வாங்கியவர்கள் அந்த நாளை எப்படி நினைத்தார்கள் என்று எனக்கு இன்னும் கேட்க வேண்டியிருந்தது.

திருவிழா மைக்கில் பேசிய பெரியவருக்கும் எங்க ஆயாவுக்கும் உள்ள வித்தியாசமும் இதுவே. இரண்டு பேரும் 'அந்தக் காலம்' என்கிறார்கள். அவர் சொன்னால் மறுபடியும் அது வர வேண்டும் என்று அர்த்தம். ஆயா சொன்னால் இப்போது தன்னை யாரும் தேடவில்லை என்று அர்த்தம். மோசம் என்னவென்றால், அவர் பேச்சுக்கு ஆயாவின் தலையாட்டல் சாட்சியாகிவிடுகிறது. வாங்கிய கையே நல்ல காலம் என்கிறதே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அதனால்தான் யாருடைய நினைப்பு, களத்தில் எந்தப் பக்கம் நின்றவருடைய நினைப்பு என்று முதலில் கேட்க வேண்டும் என்கிறேன்.

இந்த இடத்தில் நம்ம ஊர்க் கதை ஒன்று. சுந்தரர் விருத்தாசலத்தில், அதாவது திருமுதுகுன்றத்தில், சிவபெருமானிடம் 12,000 பொன் வாங்கினார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. நம்ம பெரியவர்கள் 'ஆத்துல போட்டுக் குளத்துல தேடுன மாதிரி' என்பார்களே, அதுதான். சுந்தரர் கெட்டிக்காரர். போடுவதற்கு முன்னால் ஒரு துண்டுப் பொன்னை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்து உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடித்தான் சரியானது என்பது கதை. நினைப்பு இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. செம்பைப் போட்டாலும் திரும்ப எடுக்கும்போது பொன்னாக வருகிறது. மனசுக்குள் மச்சம் வெட்டி வைத்துக்கொள்கிறவர்கள் யாரும் இல்லை. நல்ல நாவலாசிரியர் அந்த மச்சத்தை எங்கேயாவது வைத்திருப்பார். இமையத்தின் நாவலில் மேரிதான் அது என்று எனக்குத் தோன்றியது.

எல்லா ஏக்கமும் வருஷக்கணக்கில் பழையதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 'செல்லாத பணம்' (2018) படித்தவர்களுக்குத் தெரியும். ரேவதி இஞ்சினியரிங் படித்த பெண். ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். கடைசியில் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். வெளியே அப்பா நடேசன், அம்மா அமராவதி. பணம் இருக்கிறது, ஒன்றுக்கும் செல்லவில்லை. அந்தக் காத்திருப்பில் அவர்கள் மனசு பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு அப்படிப் பேசாமல் இருந்திருக்கலாமே, அந்த போனை எடுத்திருக்கலாமே என்கிற மாதிரி ஏக்கம். அவர்களுக்குப் பொற்காலம் எதுவும் வேண்டாம். முந்தாநாள் திரும்பி வந்தால் போதும். நம்மைப் படிக்க வைக்கிற அப்பா அம்மாக்கள் இதைப் படித்தால் தூங்க மாட்டார்கள். நாம் படிக்கலாம், படிக்க வேண்டும்.

'சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது' என்பார்கள். பழசும் புதுசும் சேராது என்பதற்கு எங்கள் வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். நம்ம லேபில் அது பாதி உண்மைதான். சுட்டு உடைந்த ஓட்டைப் பச்சை மண்ணில் வைத்து அமுக்கினால் ஒட்டாது. காயும்போது விரிசல் விட்டுவிடும். ஆனால் அதே ஓட்டை அரைத்துத் தூளாக்கி, க்ராக் என்று பச்சை மண்ணில் கலக்கிறோமே! கலந்தால் மண் சுருங்குவதும் குறைகிறது, விரிசலும் குறைகிறது. பழசை முழு ஓடாக எடுத்து இன்றைய நாளில் ஒட்டப் பார்ப்பது மைக் பிடித்தவர் வேலை. நாவல் அதை அரைக்கிறது. அரைக்கும்போது சத்தம் வரத்தான் செய்யும்.

புத்தகத்தை முடித்த அன்று சாயங்காலம் ஆயாவிடம் போய் உட்கார்ந்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. கண் சரியாகத் தெரியாவிட்டாலும் கீரை மட்டும் காம்பு இல்லாமல் உருவும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஆயா, களத்துல நீ எந்தப் பக்கம் நிப்ப?" என்று கேட்டேன்.

ஆயா கை நின்றது. ரொம்ப நேரம் கழித்து, "களத்துலயா? களத்துக்குள்ள யாரு வுடுவா?" என்றது. "வரப்புக்கு அந்தாண்ட வேப்பமரம் ஒண்ணு இருந்துச்சி. அங்கதான் குந்தியிருப்போம். மூட்டையெல்லாம் வண்டியில ஏத்துன பெறவு ஆளு கூப்புடும். அப்பறந்தான் எறங்கணும். அதுக்குள்ள இருட்டிப்புடும். நெல்லு எது, கருக்கா எது, கல்லு எதுன்னு கையிலதான் பாக்கணும். ஒங்கொம்மாவுக்கு அப்ப மூணு வயசு. தூக்கத்துல பசின்னு அழுவும்."

இத்தனை வருஷத்தில் இந்தப் பாதியை ஆயா சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. ரெண்டு மரக்கால் போட்டார்கள் என்றாயே என்று கேட்டேன். போட்டார்கள்தான், ஒரு வருஷம் போட்டார்கள் என்றது. அந்த ஒரு வருஷத்தைத்தான் நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"கைநாட்டுன்னு சொன்னதுக்குக் கோவமா?" என்றேன். "கைநாட்டுதான? கைநாட்ட கைநாட்டுன்னு சொன்னா என்னா கோவம்" என்றது. கோபம் இருந்தது என்று குரலில் தெரிந்தது.

கடைசியாகக் கேட்டேன். "திரும்பவும் அந்தக் காலம் வந்தா போவியா ஆயா?"

"போவேன்" என்றது ஆயா, உடனே. பிறகு கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "நான் போவேன். நீ வரக் கூடாது."